திசையைப் புதியவருக்கும் புரியச் சொல்லுங்கள்: பெருநகர ரயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வேற்று நாட்டுப் பெருநகரம் ஒன்றில் குடியேறி, அதன் சுரங்க ரயில்களில் பயணம் செய்யத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவராக இம்மடலை எழுதுகிறேன். ரயில்கள் வரும் நேரத்திலோ அவற்றின் தூய்மையிலோ எனக்குக் குறையில்லை. என் முறையீடு, நடைமேடைக்கு இறங்கும் இடத்தில் ரயில் செல்லும் திசையை நீங்கள் அறிவிக்கும் முறையைப் பற்றியது.

வந்த முதல் வாரத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரையும் வழித்தடத்தின் நிறத்தையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் கிளம்பினேன். படிக்கட்டுகள் இரண்டாகப் பிரியும் இடத்தில், இரு பக்கமும் நான் அதுவரை கேள்விப்பட்டிராத இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவை அத்தடத்தின் இரண்டு கடைசி நிலையங்கள் என்பது பிற்பாடுதான் விளங்கியது. ஆறு நிலையங்கள் தள்ளி இறங்க வேண்டிய ஒருவருக்கு, அவர் என்றுமே போகப்போகாத கடைக்கோடி நிலையத்தின் பெயர் எப்படித் தெரிந்திருக்கும்? பின்னால் வரும் கூட்டம் நின்று யோசிக்க விடாததால், ஊகித்து ஒரு பக்கம் இறங்கினேன். திசை சரியாகவே இருந்தது. ஆனால் அத்தடம் நடுவில் இரண்டு கிளைகளாகப் பிரிவதை அறியாமல் மற்றக் கிளையில் வெகுதூரம் போய், முக்கால் மணி நேரம் தாமதமாகத் தேர்வுக்குச் சென்றேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இது ஒரு நகரத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பாரிஸின் 13ஆம் தடம் வடக்கே இரண்டாகக் கிளை பிரிகிறது. பிரியும் நிலையத்தின் பெயரான லா ஃபூர்ஷ் என்பதற்கே கவை என்றுதான் பொருள். லண்டனின் நார்தர்ன் தடம் நகரின் நடுப்பகுதியை இரு வேறு வழிகளில் கடப்பதால், வண்டி பேங்க் நிலையத்தின் வழியாகச் செல்கிறதா, சாரிங் கிராஸ் நிலையத்தின் வழியாகச் செல்கிறதா என்று பார்க்காமல் ஏறுவதில் பயனில்லை. நியூயார்க்கிலோ எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியும் பலவற்றைத் தாண்டிச் செல்லும் விரைவு வண்டியும் அடுத்தடுத்த தண்டவாளங்களில் வருகின்றன. பழகியவருக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. வரைபடத்தில் பார்த்த கோட்டை மட்டும் நம்பி வருபவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு பொறி.

இதற்கான தீர்வுகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன என்பதனால்தான் துணிந்து கேட்கிறேன். வட்டமாக ஓடும் டோக்கியோவின் யாமனோதே தடத்தில் கடைசி நிலையம் என்று ஒன்றைக் காட்ட வழியில்லை. அங்கே நடைமேடைப் பலகைகள், ஷின்ஜுகு, இகெபுகுரோ என்று வண்டி அடுத்துச் செல்லும் பெரிய நிலையங்களின் பெயர்களைக் கொண்டே திசையைச் சொல்கின்றன. அதே நகரின் சுரங்க ரயில்களில் 2004 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் தடத்தின் எழுத்தோடு ஓர் எண்ணும் உண்டு. கின்ஸா தடத்தில் ஷிபுயா 1, கின்ஸா 9, உஏனோ 16, அசகுசா 19. ஒன்பதில் நிற்பவர் பதினாறுக்குப் போக வேண்டுமென்றால், எண் ஏறும் பக்கம் ஏறினால் போதும். மொழி தெரிய வேண்டியதில்லை. 1969இல் தொடங்கிய மெக்சிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னம் இருப்பதால், எழுத்தறியாதவரும் தாம் இறங்கும் இடத்தை அடையாளம் காண முடிகிறது. இந்த மூன்றில் எண்முறையே சிறந்தது என்பது என் எண்ணம், ஏனெனில் அது இடத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்கிறது.

வரைபடத்தை நான் குறை கூறவில்லை. ஹாரி பெக் வரைந்து 1933இல் லண்டனில் வெளியான சுரங்க ரயில் வரைபடம், உண்மைத் தொலைவுகளை விட்டுவிட்டு நேர்கோடுகளால் இணைப்புகளை மட்டும் காட்டியதால்தான் எளிதாயிற்று. ஆயினும் அந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு: ஏறத்தாழ 260 மீட்டர் இடைவெளியே உள்ள லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே, நடந்தே போகலாம் என்று தெரியாத புதியவர் ரயிலேறுகிறார்.

ஆகவே, நடைமேடைக்கு இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி நிலையத்தின் பெயரோடு அடுத்து வரும் நான்கைந்து நிலையங்களையும், தடம் கிளை பிரியுமானால் எந்த நிலையத்தில் பிரிகிறது என்பதையும் எழுதி வையுங்கள். கிளை பிரிவதற்கு முந்தைய நிலையத்திலேயே வண்டிக்குள் அறிவிப்புச் செய்யுங்கள். சில நிலையங்களில் ஒரு நடைமேடையிலிருந்து எதிர் நடைமேடைக்குச் செல்ல உள்வழி கிடையாது. வாயிலை விட்டு வெளியேறி மறுபடியும் கட்டணம் செலுத்த நேரிடுகிறது. அத்தகைய நிலையங்களில் திசைப் பலகை தெருவிலேயே, கட்டண வாயிலுக்கு முன்பே இருக்க வேண்டும்.

புதிய பலகைகளை மாட்டுவதற்கு முன், அந்நகருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத சிலரை அழைத்து, ஒரு நிலையத்தின் பெயரை மட்டும் கொடுத்து, அவர்கள் எங்கே நின்று தயங்குகிறார்கள் என்று உடன் நடந்து பாருங்கள். அப்படிப்பட்டவர்களை அழைத்துவர என்னால் முடியும். நீங்கள் குறிப்பிடும் நாளில், கூட்டம் மிகுந்த காலை வேளையிலேயே வருகிறோம்.

இப்படிக்கு,
புதிதாக வந்த பயணிகளில் ஒருவர்