உச்சியில் மாறும் அலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் அலைவடிவம் மாற்றும் குமிழைத் திருப்பும்போதெல்லாம் ‘டப்’பென்று ஓர் ஓசை எழுகிறதே, அதை நீக்க வழியுண்டா என்று கேட்டிருந்தாய். அதே ஓசையோடு நானும் இரண்டு மாதமாக மல்லுக்கட்டினேன். சென்ற வாரம்தான் அது அடங்கியது.

முதலில் பழியை ஸ்விட்ச்சின் மேல் போட்டேன். குமிழ் ஒரு முனையை விட்டு மறுமுனையைத் தொடுவதற்குள் அடுத்த கட்டத்தின் உள்ளீடு அந்தரத்தில் நிற்கிறது என்பதால், அங்கிருந்து சுற்றின் தரைமுனைக்கு (கிரவுண்ட்) 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். ஓசை சற்றுக் குறைந்ததே தவிரப் போகவில்லை. பிறகு குமிழுக்குப் பதிலாக, பொத்தானால் இயக்கும் மின்னணு ஸ்விட்ச்சான 4053 ஐசியைப் போட்டேன். சுற்றில் உள்ள பெருக்கி ஐசிக்கு (ஆப்-ஆம்ப்) கொடுக்கும் ±12 வோல்ட்டையே அதற்கும் கொடுத்தது என் அவசரம்; மொத்தம் 24 வோல்ட், அது தாங்குவதோ 20 வரைதான். கருகிய வாடை மறுநாள் காலைவரை அறையில் இருந்தது. இப்போது அதற்குத் தனியே ±7.5 வோல்ட் தருகிறேன்.

புது ஐசியிலும் ‘டப்’ கேட்டது. அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே விளங்கியது: மாற்றும் கணத்தில் முக்கோண அலை −2 வோல்ட்டிலும் சதுர அலை +5 வோல்ட்டிலும் இருந்தால், அந்த 7 வோல்ட் தாவல்தான் நம் காதில் விழுகிறது.

இதற்கான விடை, அலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டருக்குள்ளேயே இருந்தது. அதில் வோல்ட்டைச் சீராக ஏற்றி இறக்கும் இன்டகிரேட்டர் முக்கோணத்தை +5 வரை ஏற்றுகிறது. அந்த உச்சியைத் தொட்டதும், எல்லையை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பேரேட்டர் புரண்டு, சதுர அலை கீழிருந்து மேலே பாய்கிறது. கம்பேரேட்டரின் ±10 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர்களால் பாதியாக்கிவிட்டால், அந்தக் கணத்தில் இரண்டு அலைகளும் +5 இல் சந்திக்கின்றன. ஆகவே பொத்தானை நேராக 4053க்குக் கொடுக்காமல், ஒரு நிலையை நினைவில் வைத்திருக்கும் 4013 ஃபிளிப்-ஃபிளாப்பின் டி முனையில் (உள்ளீடு) கொடுத்து, அந்த உள்ளீட்டை எப்போது ஏற்பது என்று சொல்லும் கிளாக்காகச் சதுர அலையையே ஆக்கினேன். நான் எப்போது அழுத்தினாலும் அடுத்த பாய்ச்சல்வரை பொறுத்திருந்து அது மாற்றுகிறது. 220 ஹெர்ட்ஸில் அந்தப் பொறுமை அதிகபட்சம் 4.5 மில்லி வினாடிதான். (மிக மெதுவாக அலையும் ஆசிலேட்டரான எல்எஃப்ஓவில் இதைச் செய்துவிடாதே, அரை ஹெர்ட்ஸில் இரண்டு வினாடி விழித்துக்கொண்டு நிற்பாய்.)

ஒரு குறை உண்டு. உச்சம் சமமாக இருந்தாலும் சதுர அலையின் ஆற்றல் முக்கோணத்தைவிட ஏறத்தாழ 4.8 டெசிபல் கூடுதல். அடிப்படைச் சுருதியைப் போல் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒலிக்கும் மூன்றாம் ஹார்மோனிக்கின் வீச்சு, சதுரத்தில் அடிப்படையின் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு, முக்கோணத்திலோ ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் சதுரத்துக்கு மாறும்போது ஒலி முகத்தில் அறைகிறது. அதைக் குறைத்தால் சந்திப்பு குலைந்து ‘டப்’ திரும்பிவிடும். இப்போதைக்கு அந்த அடியைப் பொறுத்துக்கொள்கிறேன்.

4013க்குள் இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப் ஒன்று சும்மா கிடந்தது. அதன் தலைகீழ் வெளியீட்டை டி முனைக்கே திருப்பி, ஒரு சுற்று முக்கோணம், மறுசுற்று சதுரம் என்று தானாக மாறவிட்டேன். இப்போது கோலம் முழுமையாவதற்கு இரண்டு சுற்றுகள் ஆவதால், 220 ஹெர்ட்ஸ் சட்ஜத்தின் அடியில் 110 ஹெர்ட்ஸ் மந்திர (கீழ்ஸ்தாயி) சட்ஜமும் சேர்ந்து முனகியது. நீ பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும்!

உன்னுடைய ஆசிலேட்டர் முக்கோண வகையா, சீராக ஏறிச் சட்டென விழும் ரம்பப்பல் வகையா என்று எழுது. ரம்பப்பல் என்றால் அலைகள் சந்திக்கும் இடம் வேறு, கிளாக்கையும் வேறிடத்தில் எடுக்க வேண்டும். 4013 இரண்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்