முடி வளர்ச்சித் திட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்து தொகையைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் ஜார்ஜ்டவுன் கிளையின் வாடிக்கையாளர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்,
தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: ஆண்களுக்கான முடி வளர்ச்சித் திட்டம் – தவறான அறிவுரை, ஒப்பந்த ரத்து, மீதத் தொகை 5,040 ரிங்கிட்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ்டவுனில் உள்ள தங்கள் கிளையில், 40 அமர்வுகள் கொண்ட ஆண்களுக்கான முடி வளர்ச்சித் திட்டத்திற்கு 7,200 ரிங்கிட்டை முழுமையாகச் செலுத்தியவன் நான். கால் பங்கு அமர்வுகள் முடிந்த நிலையில் அதைத் தொடர நான் விரும்பவில்லை. திட்டத்தை விற்பதற்காகத் தங்கள் ஆலோசகர் சொன்ன காரணங்களும் கொடுத்த உறுதிகளும் உண்மைக்குப் புறம்பானவை. அதோடு, அவருடைய அறிவுரையின் பேரில் நல்ல பலன் தந்துகொண்டிருந்த ஒரு மருந்து நிறுத்தப்பட்டதால், திட்டத்தில் சேர்வதற்கு முன் என் உச்சந்தலையில் இருந்த முடியும் இப்போது குறைந்துவிட்டது. ஒப்பந்தத்தை ரத்து செய்து மீதத் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்பதற்கும், இதே அறிவுரை மற்ற ஆண்களுக்கு வழங்கப்படுவதை உடனே நிறுத்துமாறு வலியுறுத்துவதற்கும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தீபாவளிச் சந்தை நடந்த நாள்களில் லிட்டில் இந்தியாவில் தங்கள் ஊழியர்கள் விநியோகித்த துண்டறிக்கை, குறைந்த கட்டணத்தில் தலைத்தோல் பரிசோதனை என்று அறிவித்தது. உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்து, திரையில் தெரிந்த வெண்ணிறப் படிவத்தைக் காட்டி, வேர்க்கால்கள் எண்ணெயால் அடைபட்டு மூச்சுவிட முடியாமல் தவிக்கின்றன, இப்போதே சுத்தப்படுத்தாவிட்டால் இன்னும் ஓராண்டில் முழு வழுக்கையாகிவிடும் என்று சொன்னதோடு அந்தப் பரிசோதனை முடிந்தது. தந்தைக்கோ தாய்மாமனுக்கோ வழுக்கை உண்டா, முடி எந்த வயதிலிருந்து எந்த இடத்தில் குறைகிறது, அண்மையில் கடுமையான காய்ச்சல் கண்டதுண்டா, வேறு மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா என்ற கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும், தலைக்கவசம் அணிந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வதும்தான் காரணம் என்று பரிசோதனைத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அத்தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆண்களுக்கு வரும் வழுக்கையில் மிகப் பெரும்பான்மை பரம்பரையாலும் ஆண் ஹார்மோனாலும் வருவது என்பது மருத்துவம் பல்லாண்டுகளுக்கு முன்பே உறுதிசெய்த செய்தி. டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன், 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதியால் டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோனாக மாறுகிறது. முன்நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் வேர்க்கால்கள் பரம்பரை காரணமாக இந்த டி.எச்.டி.யால் பாதிக்கப்பட்டு, ஒவ்வொரு வளர்ச்சிச் சுழற்சியிலும் சிறிது சிறிதாகச் சிறுத்துக்கொண்டே போவதால், தடித்த முடி இருந்த இடத்தில் மெல்லிய பூனைமுடி முளைத்து, கடைசியில் அதுவும் நின்றுவிடுகிறது. வேர்க்கால் மூச்சுவிடுவது தோலின் மேற்புறத் துளை வழியாக அன்று. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் ஊட்டமும் அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியாகவே வருகின்றன. எண்ணெயும் தலைக்கவசமும் காரணமாக இருந்தால், அவை ஒன்றுபோலத் தொடுகின்ற பிடரி முடியும் காதோர முடியும் முழு வழுக்கை கண்ட முதியவர்களிடம்கூட அடர்த்தியாக நிலைத்திருப்பது எப்படி என்பதைத் தங்கள் ஆலோசகர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தலைக்கவசத்தின் மீது பழிபோடுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பினாங்குப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்கள் இதை நம்பித் தலைக்கவசத்தைக் கழற்றினால் போவது முடி அன்று, உயிர்.

என் புகாரின் மையத்திற்கு வருகிறேன். தங்களிடம் வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாக, 5 விழுக்காடு மினாக்சிடில் கரைசலை மருத்துவரின் ஆலோசனைப்படி ஒருமுறைக்கு 1 மில்லிலிட்டர் வீதம் காலையும் இரவும் உலர்ந்த தலைத்தோலில் பூசி வந்தேன். உச்சியில் முடி தெளிவாகவே தடித்திருந்தது. முன்நெற்றியில் அந்த அளவுக்குப் பலன் தெரியாததால்தான் தங்கள் நிலையத்தின் ஆலோசனையை நாடினேன். இதை முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். அதைக் கேட்ட ஆலோசகர், மினாக்சிடில் வேர்க்கால்களை அடிமையாக்கும் இரசாயனம் என்றும், தங்கள் மூலிகைத் தைலத்தோடு சேர்ந்தால் தலைத்தோல் வெந்துவிடும் என்றும், அன்றே அதை நிறுத்தினால்தான் திட்டத்தின் உத்தரவாதம் செல்லும் என்றும் கூறினார். புலனம் (வாட்ஸ்அப்) வழி அவர் அனுப்பிய குறுஞ்செய்தியிலும் இதே நிபந்தனை இருக்கிறது.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையாக வந்த மருந்து. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் பூசும் கரைசலாக்கி ஆராய்ந்து, 1988ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆண்களின் வழுக்கைக்கு அதை அங்கீகரித்தது. பயன்படுத்தும் வரைதான் அது வேலை செய்யும். நிறுத்தினால், அது காத்து வந்த முடி மூன்று நான்கு மாதங்களில் உதிர்ந்து, மருந்தே இல்லாதிருந்தால் எந்த நிலைக்கு வந்திருக்குமோ அந்த நிலைக்குத் தலை வந்துவிடும். இது மருந்துப் பெட்டியில் உள்ள தாளிலேயே எழுதியிருக்கும் செய்தி. முடி உதிர்வுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் நிலையத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, தெரியவில்லை என்றால் அவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கக் கூடாது.

எதிர்பார்க்கக்கூடியதுதான் நடந்தது. சில மாதங்களில் உச்சி முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. கிளையில் முறையிட்டபோது, நச்சு வெளியேறுகிறது, பழைய முடி உதிர்ந்தால்தான் புதிய முடி முளைக்கும் என்று சொல்லி, மேலும் ஒரு திட்டத்தை வாங்கச் சொன்னார்கள். இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருந்தச் செய்கிறது. ஏனென்றால் அது ஓர் உண்மையைத் திருடிப் பொய்க்குப் போர்த்துவதாகும். மினாக்சிடிலைத் தொடங்கும் முதல் சில வாரங்களில், ஓய்வுநிலையில் இருக்கும் முடிகளை அது வளர்ச்சிநிலைக்குத் தள்ளுவதால், சிலருக்குத் தற்காலிகமாக உதிர்வு கூடும். அந்த உதிர்வைக் கண்டு அஞ்சி மருந்தைக் கைவிடுவோர் பலர். அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டிய அந்தச் செய்தியை, மருந்தை நிறுத்தியதால் வந்த உதிர்வுக்குச் சமாதானமாகத் தங்கள் ஊழியர்கள் பயன்படுத்தினார்கள். தங்கள் தைலத்தால் வேர்க்கால்களின் சுழற்சி அவ்வாறு மாறுகிறது என்பதற்குச் சான்று இருந்தால், அதை எழுத்து வடிவில் எனக்கு அனுப்புங்கள்.

பின்னர் நான் பார்த்த தோல் நோய் நிபுணர், அவசரப்படாமல் அத்தனை கேள்விகளையும் கேட்டு, தலையைப் பகுதி பகுதியாகப் பார்த்து, ஆண்களின் வழுக்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் ஹாமில்டன்–நார்வுட் அளவீட்டில் என் நிலையைக் குறித்துக்கொண்டார். மினாக்சிடிலை மீண்டும் தொடங்கவும், குறைந்தது நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை காத்திருந்து பலனைக் கணிக்கவும் சொன்னார். 1997ஆம் ஆண்டு முதல் ஆண்களின் வழுக்கைக்குப் பயன்பட்டு வரும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பற்றியும் விளக்கினார். அது டி.எச்.டி. உருவாவதையே குறைப்பதால் உதிர்வை நிறுத்துவதில் வலிமையானது. ஆனால் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரலாம், புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும், கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று தீமைகளையும் மறைக்காமல் சொன்னார். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது கிடைக்கும். நன்மையையும் தீமையையும் சேர்த்துச் சொல்லி முடிவை என்னிடம் விட்ட அந்த உரையாடலுக்கு ஆன செலவு, தங்கள் ஓர் அமர்வின் விலையைவிடக் குறைவு.

முடி உதிர்வு எல்லாமே பரம்பரை வழுக்கை அல்ல என்பதும் தங்கள் நிலையத்தில் கவனிக்கப்படுவதில்லை. டிங்கி போன்ற கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைவு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் தலை முழுவதும் முடி உதிர்வதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும், அதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. புழுவெட்டு உடலின் எதிர்ப்பாற்றல் வேர்க்கால்களைத் தாக்குவதால் வருவது, அதற்கு மருத்துவச் சிகிச்சை வேண்டும். நாணயம் போல் வட்டமாக முடி கொட்டிய ஓர் இளைஞருக்கும் எனக்கு விற்ற அதே திட்டம் விற்கப்படுவதைத் தங்கள் காத்திருப்பு அறையில் கண்டேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே என்பதைக்கூட யாருக்கும் சொல்வதாகத் தெரியவில்லை.

தைலத்தைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். அது சுகாதார அமைச்சு அங்கீகரித்த மருந்து என்று கூறிய ஊழியர், சான்றாகக் காட்டியது அழகுசாதனப் பொருள்களுக்குரிய அறிவிப்பு எண். நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்துகளுக்கு ‘MAL’ (மால்) என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் உண்டு. அறிவிப்பு எண் என்பது ஒரு பொருள் முடியை வளர்க்கும் என்பதற்கான அங்கீகாரம் அன்று, அழகுசாதனப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாகச் சொல்லி விற்பதற்கும் இடமில்லை. தங்கள் துண்டறிக்கையில் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண்ணும் காணப்படவில்லை. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் என்று எடுத்துக் காட்டிய என் புகைப்படங்களில், முதலாவது ஈரத் தலையுடன் நேர்விளக்கின் கீழும், இரண்டாவது உலர்த்திச் சீவிய தலையுடன் மங்கிய ஒளியிலும் எடுக்கப்பட்டவை. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலையில் முடி காணிக்கை செலுத்துங்கள், மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்றும் ஓர் ஊழியர் சொன்னார். காணிக்கை முருகனுக்குச் செலுத்துவது, அதை விற்பனைப் பேச்சில் இழுத்திருக்க வேண்டாம். மழித்த முடியின் முனை மழுங்கியிருப்பதால் தடிப்பாகத் தோன்றுமே ஒழிய வேர்க்காலில் எந்த மாற்றமும் ஏற்படாது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தை ரத்து செய்யும் பயனீட்டாளரிடமிருந்து, மொத்த விலையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய பொருள்களின் விலை, ஏற்கெனவே பெற்ற சேவையின் கட்டணம் ஆகியவற்றுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆகவே, பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது என் கோரிக்கைக்குத் தடையாகாது. பெற்ற சேவைக்கு 1,800 ரிங்கிட், 5 விழுக்காட்டுக்கு 360 ரிங்கிட், தைலம் திட்டத்தோடு இலவசம் என்று ஒப்பந்தமே சொல்வதால் அதற்கு ஏதுமில்லை. இவை போக 5,040 ரிங்கிட் எனக்கு வரவேண்டும். தவறான விளக்கம் தந்து விற்பதைத் தடைசெய்யும் அதே சட்டத்தின் 9, 10ஆம் பிரிவுகளின்படி, பெற்ற சேவைக்கான தொகையையும் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. வேர்க்கால் முற்றிலும் சுருங்கிவிட்டால் எந்த மருந்தாலும் அதை எழுப்புவது அரிது என்பதால், இவ்விஷயத்தில் இழந்த மாதங்கள் இழந்தவைதான். திருமணத்திற்கு முன் முடி கொட்டுகிறதே என்ற கவலையோடு வரும் இளைஞர்களிடம் தங்கள் ஆலோசகர்கள் முதலில் குடும்பத்தையும் உடல்நலத்தையும் விசாரிக்கட்டும். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதை எழுத்து மூலம் அவர்களுக்கு அறிவியுங்கள். பொடுகும் அரிப்பும் இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு போதும் என்றும், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டால் குறைந்த இடம் அவ்வளவாகத் தெரியாது என்றும், நம் ஊர் வெயிலில் முடி குறைந்த தலைத்தோலுக்குத் தொப்பியோ வெயில்காப்புக் களிம்போ வேண்டும் என்றும் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. முடி மாற்று அறுவை சிகிச்சையை நாடுபவரைப் பதிவுபெற்ற மருத்துவரிடம் அனுப்புங்கள். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பின்னரே வளர்ந்து, முழுப் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகும் என்பதையும், நடாத இடத்தில் உள்ள முடியைக் காக்க மருந்து தொடர வேண்டும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலும், நான் பணம் செலுத்திய கடன்பற்று அட்டைக் கணக்கில் 5,040 ரிங்கிட்டும் வந்து சேர வேண்டும். தொலைபேசி வழி சமாதானம் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லையெனில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவு செய்வேன். தைலம், துண்டறிக்கை ஆகியவை பற்றி சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் தனியாகப் புகார் அளிப்பேன். இக்கடிதத்தின் நகல் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திற்கும் அனுப்பப்படுகிறது.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் உறுப்பினர் எண்ணும் இணைக்கப்பட்ட ஒப்பந்த நகலில் உள்ளன)

இணைப்பு: ஒப்பந்த நகல், கட்டண ரசீது, பரிசோதனைத் தாள், புலனச் செய்திகளின் அச்சுப் பிரதி, தைலப் புட்டியின் புகைப்படம், தோல் நோய் நிபுணரின் குறிப்பு.