பொருள்: 20 கிலோ பவளத்தொட்டி உப்பு வாளியில் அச்சிட்ட அளவு உள்ளே இல்லாதது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் கொளத்தூர்க் கடை ஒன்றில் பவளத்தொட்டிக்குச் செயற்கைக் கடல்நீர் கரைக்கிற உங்கள் 20 கிலோ உப்பு வாளியை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாளியில் அச்சிட்டதைவிடக் காரத்தன்மை (நீர் அமிலத்தை ஈடுகட்டும் திறன்) கூடுதலாகவும், கால்சியமும் மெக்னீசியமும் குறைவாகவும் இருப்பதைப் பற்றி உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "வாளியை உருட்டிக் கலக்குங்கள், டெஸ்ட் கிட்டைச் (நீரைச் சோதிக்கும் மருந்துப் பெட்டி) சரிபாருங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இரண்டையும் அதற்கு முன்பே செய்திருந்தேன். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

வீட்டில் 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்ற மென்பவளங்கள். கல்பவளங்கள் கிடையாது, அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. "கடல் பக்கத்திலேயே இருக்கு, குடத்துல மொண்டுட்டு வர வேண்டியதுதானே" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கரையோரம் சாக்கடை கலந்த தண்ணீர், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பே நீர்த்துப்போன தண்ணீர், அதை எப்படி நம்புவது? கல்லுப்பைக் கரைத்தாலும் கடல் ஆகாது. உப்பளத்தில் கால்சியம் முதலில் படிந்து பிரிந்துவிடும், மெக்னீசியம் கடைசியில் வடிக்கிற நீரோடு போய்விடும். அதனால்தான் வாளி உப்புக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம்.

மூன்று வருடமாக உங்கள் உப்பையே வாங்கக் காரணம் அதன் காரத்தன்மை. கடல்நீரில் அது சுமார் 7 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). சில கம்பெனிகள் கல்பவளம் சீக்கிரம் வளரட்டும் என்று 11, 12 வரை ஏற்றி விற்கின்றன. எனக்கு அது வேண்டாம். உங்கள் வாளியில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவுக்கு 8 முதல் 9 டிகேஹெச், கால்சியம் 420 முதல் 440 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1,300 முதல் 1,350 பிபிஎம் என்று அச்சிட்டிருக்கிறது. முந்தைய வாளிகளில் அப்படித்தான் இருந்தது.

புது வாளியைத் திறந்து வாரம் 40 லிட்டர் வீதம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். தொட்டியில் 8 ஆக இருந்த காரத்தன்மை முதல் வாரம் 9, அடுத்த வாரம் 9.5 என்று ஏறியது. கால்சியம் 420-லிருந்து 390-க்கு இறங்கியது. அப்புறம்தான் உப்பின் மேலேயே சந்தேகம் வந்தது.

பழைய வாளியின் அடியில் ஒன்றரைக் கிலோ உப்பு மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தனித்தனி டப்பாவில், டிடிஎஸ் (கரைந்துள்ள தாதுக்களின் அளவு) சுழியம் காட்டிய ஆர்.ஓ. டி.ஐ. (தாதுக்களை நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீரில், லிட்டருக்கு 38 கிராம் சுமாராகப் போட்டுக் கரைத்தேன். சிறு பம்பை ஓடவிட்டு 24 மணி நேரம் கழித்து, உப்பளவு 35 பிபிடி என்று தெரிந்த அளவுநீரை வைத்துச் சரிசெய்த ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்த்து, இரண்டையும் 35-க்குக் கொண்டுவந்தேன். டெஸ்ட் கிட் மருந்தை 10 மில்லி நீரில் நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஒரு சொட்டுக்கு அரை டிகேஹெச் கணக்கு. பழைய உப்பு 17-ஆவது சொட்டில் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது. புது உப்பில் 17 போயிற்று, 20 போயிற்று, குப்பி நீலமாகவே நின்றது. எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று கீழே ஊற்றிவிட்டு, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். 24-ஆவது சொட்டில்தான் மஞ்சள் வந்தது. அதாவது 12 டிகேஹெச். கால்சியம் 340, மெக்னீசியம் 1,110. பழைய உப்பிலோ 430, 1,320. கிட் கெட்டிருந்தால் பழைய உப்பிலும் தப்பாகத்தானே காட்டியிருக்கும்?

சரி, உப்பளவைத் தப்பாகப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும், அல்லது ஒன்றாக இறங்க வேண்டும். இங்கே ஒன்று ஏறி இரண்டு இறங்கியிருக்கின்றன. கரைக்கும்போது சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது என்பீர்களானால், அதில் காரத்தன்மையும் சேர்ந்தே குறையும். 1 டிகேஹெச்சுக்குச் சுமார் 7 பிபிஎம் கால்சியம் என்ற கணக்கில். இங்கே காரத்தன்மை எகிறியிருக்கிறது. லாரியில் வரும்போது உப்பு தரம்பிரிந்து படிந்திருக்கும் என்று நினைத்துத்தான் உருட்டச் சொல்லியிருப்பீர்கள். வாளியை மூடித் தரையில் பத்து நிமிடம் உருட்டினேன் (கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார்). பிறகு மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துத் தனித்தனியாகக் கரைத்தேன். காரத்தன்மை மூன்றிலும் 12-தான். ஆகவே கோளாறு வாளிக்குள் நடந்ததல்ல, கலவை போட்ட இடத்தில் நடந்தது. எடை போட்டதில் பிசகா, ஈரம் இழுத்த குளோரைடா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு வாரமும் லெதர் பவளம் சுருங்கியே கிடந்தது. உப்பில் கோளாறு இல்லாதபோதும் அது சில நாள் அப்படிப் படுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பழியை உங்கள் தலையில் கட்டவில்லை. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். வேறு தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணுள்ள வாளி ஒன்றை மாற்றித் தர வேண்டும், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதே தொகுதி வேறு கடைகளுக்கும் போயிருக்கும். அவற்றைத் திரும்பப் பெற வேண்டும். கல்பவளங்களைச் சட்டப்படி வளர்க்கிற காட்சியகம் ஏதாவது இதைப் பயன்படுத்தினால் சேதம் பெரிதாக இருக்கும். இனி ஒவ்வொரு வாளியிலும் பொதுவான அளவை அச்சிடுவதற்குப் பதில், அந்தத் தொகுதியைச் சோதித்த அளவை ஒட்டுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ரசீது, தொகுதி எண், குப்பிகளின் படங்கள் இணைப்பில் உள்ளன. மீதி 16 கிலோவை ஈரம் புகாமல் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்துக்கு வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்