இன்னும் மெதுவாக ஓடு, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம்.

"எல்லாரும் ஓடினா சந்தோஷமா இருக்குன்னு சொல்றாங்கப்பா. எனக்கு எப்போடா இது முடியும்னுதான் இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதுவும் நல்லதுதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்றபடியே வேறு வேலை பார்ப்பாய். எழுதி அனுப்பினால் படித்துத்தானே ஆகவேண்டும்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நீ ரொம்ப வேகமாக ஓடுகிறாய். மூச்சு இரைக்க, முகம் வெளிற, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேகத்தில் ஓடினால் எனக்கும் பிடிக்காது, யாருக்கும் பிடிக்காது. உன் உடம்புக்கு ஏற்ற வேகத்தில் நீ இன்னும் ஓடிப் பார்க்கவே இல்லை. அதற்குள் "எனக்கு வராது" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடங்களில் ஓட்டம் இரண்டு விதம். தாமதமாக வந்தவன், வீட்டுப்பாடம் எழுதாதவன், பிரேயரில் பேசியவன், எல்லாருக்கும் "கிரவுண்டை ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வா." இது தண்டனை ஓட்டம். கணக்கு வாத்தியார் கொடுக்கிற தண்டனைக்கு என் கிரவுண்டு எதற்கு என்று பி.டி. வாத்தியாராக ஸ்டாஃப் ரூமில் நான் போட்ட சண்டையெல்லாம் அம்மாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். இன்னொன்று ஸ்போர்ட்ஸ் டே ஓட்டம். எட்டுப் பேர் ஓடுவார்கள். மூன்று பேருக்கு எவர்சில்வர் டம்ளரோ சோப்பு டப்பாவோ கிடைக்கும். மிச்சம் ஐந்து பேரும் ஓட்டம் நமக்கில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் ரிப்போர்ட் கேட்பதில்லை. சோனல் மீட்டில் எத்தனை பாயிண்ட், ரெவின்யூ மாவட்டத்தில் எத்தனை மெடல், அதுதான் கேள்வி.

நீ ஏழாம் வகுப்பில் 100 மீட்டர் ஹீட்ஸிலேயே, அதாவது முதல் தகுதிச் சுற்றிலேயே, வெளியே வந்தாய். "பி.டி. சார் பொண்ணுக்கே ஓடத் தெரியல" என்று பிள்ளைகள் சொன்னதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதாய். மான்செஸ்டர் போயும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறாய் போலிருக்கிறது.

100 மீட்டர் வேறு, 5 கிலோமீட்டர் வேறு பாப்பா. 100 மீட்டரில் மூச்சுக்காற்றுக்குப் பெரிய வேலையே கிடையாது. தசைக்குள் ஏற்கெனவே இருக்கிற சரக்கைக் கொண்டே பெரும்பாலும் ஓடி முடித்துவிடலாம். 5 கிலோமீட்டருக்கு வேண்டிய சக்தியில் முக்கால்வாசிக்கும் மேலே நீ இழுக்கிற மூச்சை நம்பித்தான் இருக்கிறது. அந்தத் திறன் பழக்கப் பழக்க வளரும். உன் வயதிலும் வளரும், என் வயதிலும் வளரும். 100 மீட்டரில் தோற்றவளுக்கு ஓட வராது என்பது, வேகமாக எழுதாதவளுக்குக் கடிதமே எழுத வராது என்கிற மாதிரி.

நீ போனில் இறக்கி வைத்திருக்கிற அந்த 'கவுச் டு 5கே', சோபாவில் உட்கார்ந்திருப்பவரை 5 கிலோமீட்டர் ஓட வைக்கிற பயிற்சி, நல்ல திட்டம். அதைக் குறை சொல்லமாட்டேன். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்று போட்ட கணக்கு அது. உங்கள் ஊர் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதைத்தான் 9 வாரத் திட்டமாகக் கொடுக்கிறது. முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. வாரத்துக்கு மூன்றே நாள். காதில் பேசுகிற குரல் நிமிடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் நீ என்ன வேகத்தில் போகிறாய் என்பது அதற்குத் தெரியாது. "மெதுவாக" என்று அது சொன்னாலும், புதிதாக ஓடுகிறவர்களின் காதில் விழுவது "ஓடு" மட்டும்தான். உடனே ஹீட்ஸில் நிற்கிற மாதிரி பாய்கிறார்கள். மூன்று நிமிடம் ஓடச் சொன்னால் முதல் ஒரு நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மீதி இரண்டு நிமிடம் நரகம். உனக்கு இந்த மூன்றாவது வாரத்தில் நடப்பது இதுதான்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். வாய்விட்டுப் பேசிப் பார். எட்டாம் வாய்ப்பாடு சொல். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று ஒழுங்காகப் போனால் வேகம் சரி. மூவெட்டு வருவதற்குள் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறை. அப்போதும் அறுந்தால் இன்னும் குறை. "இதுக்கு மேல குறைச்சா நடக்கிற மாதிரி ஆயிடும்ப்பா" என்பாய். ஆகட்டுமே! ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோஆகி தனாகா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். புதியவர்கள் நடக்கிற வேகத்திலேயே ஓடத் தொடங்கலாம் என்றுதான் அவர் சொல்லிக்கொடுத்தார். சின்னச் சின்ன அடி. முகத்தில் சிரிப்பு மாறாமல் எவ்வளவு வேகம் போக முடியுமோ அதுதான் உன் வேகம் என்பது அவர் கணக்கு. நடந்து போகிற யாராவது உன்னைத் தாண்டிப் போனால் குட் மார்னிங் சொல்லிவிட்டு வழி விடு.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் நான் படிக்கும்போது லெக்சரர் ஒருவர் ஒரு கதை சொல்வார். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு கோச். ஷூ தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில். அப்பேர்ப்பட்ட கோச் அதற்கப்புறம் செய்த வேலை என்ன தெரியுமா? தொந்தி போட்டவர்களையும், மாரடைப்பு வந்தவர்களையும் ஆக்லாந்தில் கூட்டி வைத்து மெதுஓட்டம் ஓட விட்டார். 1962 கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மன் அங்கே போனார். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தடகள கோச், பின்னாளில் நைக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவருக்கு அப்போது 51 வயது. உடம்பு நன்றாக இருக்கிறது என்ற நினைப்பில் கூட்டத்தோடு ஓடக் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், அதுவும் மாரடைப்பு வந்து பிழைத்தவர், அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே வந்தாராம். பவர்மனுக்குப் பதில் பேச மூச்சில்லை. ஊர் திரும்பியதும் தன் ஊர்க்காரர்களுக்கு மெதுஓட்ட வகுப்பு தொடங்கிவிட்டார். பிறகு அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் தெருவில் ஓடத் தொடங்கியதற்கு அந்தப் பெரியவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஒலிம்பிக் வீரர்களைத் தயார் செய்த கோச்சே பேச முடியாமல் திணறினார் என்றால், உனக்கு இரைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று. முதல் பத்து நிமிடத்தை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. ஓடத் தொடங்கியதும் கால் உடனே சக்தி கேட்கும், ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்கச் சில நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் நன்றாக ஓடுகிறவனுக்கும் கால் கனக்கத்தான் செய்யும். அதனால்தான் முதலில் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடக்கச் சொல்கிறார்கள். குளிராக இருக்கிறது என்று நீ அதை விட்டுவிட்டு நேரே ஓடுவதாகச் சொன்னாய். குளிரில்தான் அது ரொம்ப அவசியம்.

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். நாலைந்து வாரத்தில் உனக்கே தெரியும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, மாதக்கணக்கில் ஆகும். இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று வாரம் ஆறு நாள் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து, ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. பிடிக்காத வாரத்தை இன்னொரு தடவை ஓடு. 9 வாரத்தில் முடிக்கவேண்டும் என்று அரசாங்க உத்தரவு ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரக் கடைசியில் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். பார்த்ததும் பகீர் என்றிருக்கும். வாய்ப்பாட்டு வேகத்தில் போனால் ஓடிவிடலாம்.

எவ்வளவு மெதுவாகப் போனாலும் மேல்மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினாலே தலை சுற்றுகிறது என்றால் அங்கே டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்துவிடு. நம் பெண்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். பேரன் பிறந்த சமயத்திலேயே உனக்குக் குறைவாகத்தான் இருந்தது.

துணி விஷயம். வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் சூடு என்று நினைத்து உடுத்திக்கொண்டு போ. வாசலில் லேசாக நடுங்கவேண்டும், அப்போதுதான் ஓடும்போது சரியாக இருக்கும். கையுறை கட்டாயம். இருட்டில் போனால் வெளிச்சம் பட்டு மின்னுகிற பட்டை போட்ட ஜாக்கெட். ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கு, ஓடும்போது பாதம் கொஞ்சம் பருக்கும். மழையைச் சாக்குச் சொல்லாதே. உங்கள் ஊரில் தார்ப் பாதையாவது இருக்கிறது. இங்கே கரிசலில் ஒரு மழை பெய்தால் ஷூவுக்கு அடியில் அரைக்கிலோ மண் ஒட்டிக்கொள்ளும்.

சந்தோஷம் எப்போது வரும் என்று கேட்டாய். மூளையில் ஏதோ சுரந்து மிதக்கிற மாதிரி இருக்கும் என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். அதை நம்பி ஓடாதே. சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது. முதலில் ஓடாத நேரத்தில்தான் மாற்றம் தெரியும். ராத்திரி படுத்ததும் தூக்கம் வரும். சாயங்காலம் பேரன் அடம்பிடித்தாலும் உனக்குக் கோபம் கொஞ்சம் தாமதமாக வரும். அப்புறம் ஒரு நாள், ஓடிக்கொண்டே நாளைக்கு என்ன குழம்பு வைக்கலாம், ஆபீஸில் யாரிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாய். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே நினைவிருக்காது. நான் பார்த்தவரை ஓட்டம் பிடிக்கிறது என்பதன் முதல் அடையாளம் அதுதான். வேகமாக ஓடுகிறவளுக்கு அது நடக்காது. அவளுக்கு மூச்சைத் தவிர வேறு நினைப்பு வராது.

அதுவரைக்கும் ஓடிய கணக்கை எல்லாருக்கும் காட்டுகிற அந்த ஸ்ட்ராவா ஆப்பில் போடுவதை நிறுத்தி வை. உன்னோடு வேலை பார்க்கிற பெண் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடத்தில் ஓடுகிறாள் என்பது உனக்கு எதற்கு?

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காவில் நடக்கிற பார்க்ரன்னுக்குப் போ. முழு 5 கிலோமீட்டரும் ஓட வரட்டும், பிறகு போகிறேன் என்று காத்திருக்காதே. காசு கிடையாது, நடக்கவும் செய்யலாம். பிளாட் ஃபீல்ட்ஸ் பூங்காவில் மேடு கிடையாது, உனக்கு அது வசதி. இந்தப் பார்க்ரன்னை 2004 அக்டோபரில் லண்டன் பக்கம் புஷி பார்க்கில் 13 பேரை வைத்துத் தொடங்கினார்கள். தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அடிபட்டு ஓட முடியாமல் இருந்தவர். நண்பர்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் நேரம் குறிக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. எல்லாருக்கும் கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். நீ எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆள் நீ இல்லை. இந்த யோசனை நம் ஸ்போர்ட்ஸ் டே கமிட்டியில் ஒருவருக்காவது தோன்றியிருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 2 கிலோமீட்டர் தனியாக நடத்துகிறார்களாம். பேரனை மாப்பிள்ளையோடு அனுப்பு. அவன் நடுவில் நின்று நாயைப் பார்த்தால் பார்க்கட்டும். "ஓடு ஓடு" என்று யாரும் பின்னால் நின்று கத்தவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

அம்மா எழுதுவது: உங்க அப்பா உலகக் கதையெல்லாம் எழுதிட்டு முக்கியமானதை விட்டுட்டாங்க. ஓடுறதுக்குன்னு இறுக்கமான உள்ளாடை தனியா விக்குது, ஷூவுக்கு முன்னாடி அதை வாங்கு. வெறும் வயித்தோட போகாத. கடலை மிட்டாய் ரெண்டு கிலோ பார்சல் போட்டாச்சு, போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு சாப்பிட்டாப் போதும். மாப்பிள்ளை கண்ணுல படாம வை, போன தடவை மாதிரி ரெண்டு நாள்ல காலி பண்ணிடுவாரு.