பழுதைக் கண்டறியாமலேயே பாகங்களை மாற்றியது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாண்டுகளைக் கடந்து, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டிவரும் எனது நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரைக் கடந்த மாதம் உங்கள் பணிமனையில் ஒப்படைத்தேன். காலையில் சீராக ஓடும் எஞ்சின் சூடேறிய பிறகு தீவு விரைவுச்சாலையில் திடீரென்று திணறுகிறது, அந்நேரம் எஞ்சினின் சுழல்வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பூச்சியத்துக்கு விழுந்து எழுகிறது, அணைந்துவிட்டால் சூடு தணியும் வரை மீண்டும் ஸ்டார்ட் ஆவதில்லை என்று உங்கள் ஊழியரிடம் விளக்கமாகச் சொன்னேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும், தீப்பொறியை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிக் கட்டணம் பெற்றுக்கொண்டீர்கள். அதே வாரத்தில் கோளாறு திரும்பிவிட்டது.

நீங்கள் அச்சிட்டுத் தந்த ஸ்கேன் அறிக்கையிலேயே இரண்டு பழுதுக் குறியீடுகள் உள்ளன. பி0300 எந்தக் குறிப்பிட்ட சிலிண்டரையும் சுட்டாத மிஸ்ஃபயரையும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), பி0335 எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றுக் கோளாறையும் குறிக்கின்றன. இரண்டாவது குறியீட்டை ஏன் பொருட்படுத்தவில்லை? தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை எஞ்சின் கணினி அந்தச் சென்சாரின் சமிக்ஞையைக் கொண்டே முடிவு செய்கிறது. மிஸ்ஃபயர் நேர்ந்ததா என்பதையும் அதே சமிக்ஞை காட்டும் சுழல்வேக மாற்றத்தைக் கொண்டே கணிக்கிறது. ஆகவே சென்சார் சூட்டில் தடுமாறினால், நல்ல நிலையில் உள்ள காயில்களும் கெட்டுவிட்டனபோல் தோன்றும். முள் பூச்சியத்துக்கு விழுவதும் இந்தச் சென்சாரையே முதலில் சந்தேகிக்க வைக்கும் அறிகுறி. காயில்களில் ஒன்றையாவது சோதித்துப் பார்த்ததாக உங்கள் பில்லில் எந்தக் குறிப்பும் இல்லை.

பின்னர் காக்கி புக்கிட்டில் வேறொரு பணிமனையில் எஞ்சினைச் சூடேற்றி, மின் சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியை இணைத்துப் பார்த்தபோது, சென்சாரின் சமிக்ஞை இடையிடையே அறுந்துபோவது திரையில் தெரிந்தது. வயர்களும் கனெக்டரும் நன்றாக இருப்பதை உறுதிசெய்த பிறகே அவர்கள் சென்சாரை மாற்றினார்கள். நீங்கள் கழற்றித் தந்த பழைய காயில்களையும் பிளக்குகளையும் மீண்டும் பொருத்தி ஓட்டியபோதும் எஞ்சின் சற்றும் திணறவில்லை.

வயதான என் தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் கார் இது. விரைவுச்சாலையின் நடுவே எஞ்சின் அணைந்தால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மிஸ்ஃபயர் நீடித்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

தேவையற்ற பழுதுபார்ப்பைத் தேவையென்று கூறுவதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டம் நியாயமற்ற செயலாகக் கருதுகிறது. ஆகவே காயில்கள், பிளக்குகள், அவற்றைப் பொருத்திய கூலி ஆகியவற்றுக்கான முழுத் தொகையையும் திருப்பித் தருமாறும், அறிக்கையிலிருந்த பி0335 குறியீட்டைக் கவனிக்காமல் விட்டதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பொருத்திய புதிய பாகங்களை எந்நேரமும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திடமும் முறையிடுவேன். உங்கள் பில், ஸ்கேன் அறிக்கை, இரண்டாவது பணிமனையின் சோதனைப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்