வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு நாற்காலி தேடாதீர்கள்: குமரி மாவட்ட உள்ளாட்சி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும், பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும், ஒன்பது ஒன்றியங்களின் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும், உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கும் வணக்கம்.

இந்த மாவட்டத்தின் பேரூராட்சி அலுவலகங்களிலேயே என் பணிக்காலம் கழிந்தது. தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். தொழிலாளர்கள் கோரிக்கை மனுவோடு வரும்போதெல்லாம் மேசையின் இந்தப் பக்கம், அலுவலகத்தின் பக்கம், உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். தொழிலாளர்களோடு பேச்சுவார்த்தை நடத்த உங்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஓர் ஐப்பசி மாதத்துக் காலை. விடிய விடிய மழை. காலை ஆறரை மணிக்கு வண்டி எடுக்க வேண்டிய தூய்மைப் பணியாளர்கள் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு அவர்களில் ஏழு பேரை உள்ளே அழைத்தார்கள். உள்ளே தலைவர், செயல் அலுவலர், இரண்டு கவுன்சிலர்கள், நான். எங்கள் ஐந்து பேருக்கும் நாற்காலி இருந்தது. மூலையில் கிடந்த மற்ற நாற்காலிகளில் வரி ரசீதுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றை இறக்கி வைக்க எனக்கும் தோன்றவில்லை. ஈரச் சேலையோடு வந்த பெண்கள் நின்றபடியே பேசினார்கள்.

தலைவர் சொன்ன முதல் வாக்கியம்: "பன்னிரண்டு மணிக்குள் வண்டி எடுக்காவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்வேன்." செயல் அலுவலர் அடுத்ததாகச் சொன்னார்: "சம்பளம் என் கையில் இல்லை, மேலே கேளுங்கள்." அன்றைக்கு அவர்கள் சம்பள உயர்வு கேட்டு வரவே இல்லை. மனுவில் மூன்றே கோரிக்கைகள். ஒப்பந்தக்காரர் மாதக் கூலியை இருபதாம் தேதிக்குப் பிறகே தருகிறார், பி.எஃப். பிடிக்கிறார், கணக்கில் ஏறவில்லை; மழைக்கோட்டு வேண்டும். மனுவை யாரும் முழுதாகப் படிக்காமலே அரை மணி நேரம் கூச்சலில் போயிற்று.

கூலி ஏன் தாமதமானது தெரியுமா? ஒப்பந்தக்காரரின் பட்டியல் ஒரு கையெழுத்துக்காக எங்கள் அலுவலகத்திலேயே மாதந்தோறும் பத்து நாள் தூங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கும் தெரியும். அன்று அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருவழியாகச் சமாதானம் ஆனது. மினிட்ஸ் புத்தகத்தில் நான் எழுதினேன்: "பேச்சுவார்த்தை சுமூகமாக முடிந்தது." கையெழுத்துப் போட வந்தவர்களில் வயதான ஓர் அம்மா, பள்ளிக்கூடம் போகும் பேத்தியை விட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "சார், சுமூகம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்கோட்டு என்று எழுதவில்லையே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முடியும்வரை மழைக்கோட்டு வரவும் இல்லை. தை பிறந்ததும் அதே கோரிக்கைக்காக மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தது.

வரி விதிப்புக்கும், டெண்டருக்கும், தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதுவதற்கும் நமக்குப் பயிற்சி உண்டு. ஊரக வளர்ச்சிக்கு மறைமலை நகரில் மாநில நிறுவனம் இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிக்குக் கோவையில் நகரியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் தன்னிடம் வேலை செய்கிற மனிதர்கள் ஒரு குறையோடு வந்து நிற்கும்போது அவர்களோடு எப்படி உட்கார வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதற்கு ஒப்புக்கொள்ளலாம், எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது, ஒப்புக்கொண்டதை எப்படி எழுத வேண்டும் என்று என் பணிக்காலம் முழுவதும் எனக்கு ஒரு மணி நேர வகுப்புக்கூட யாரும் எடுத்ததில்லை. இது கூடப் பிறக்கிற சாமர்த்தியம் என்று நினைத்துவிட்டோம். இது ஒரு வேலை. கற்றுக்கொண்டால்தான் வரும்.

"எங்களுக்கு அதிகாரமே இல்லை, என்ன பேசுவது?" என்று செயல் அலுவலர்கள் கேட்பார்கள். ஊதிய விகிதம் அரசாணையில் வருகிறது, பணி நிரந்தரம் சென்னையில் முடிவாகிறது. உண்மைதான். ஆனால் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை அலுவலக மதில் சுவருக்குள் முடியக்கூடியவை. கூலி எந்தத் தேதியில் போட வேண்டும், பி.எஃப். செலுத்திய ரசீது இல்லாமல் ஒப்பந்தக்காரரின் பட்டியலை ஏன் அனுமதிக்க வேண்டும், வார விடுப்பை யார் யாருக்கு எந்த நாளில் கொடுப்பது, கையுறை கிழிந்தால் யாரிடம் கேட்பது, பேட்டரி வண்டி பழுதானால் அந்த நாளுக்கு வருகை உண்டா, இல்லையா? இவற்றுக்கு எந்தத் தலைமைச் செயலகத்தின் அனுமதியும் வேண்டாம். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிர்வாகம்தான், கொடுத்தாக வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி. இப்போதைய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. "அவர் ஒப்பந்தக்காரரின் ஆள்" என்று கை கழுவுகிறவர் தன் சட்டக் கடமையையே அறியாதவர். அதிகாரம் குறைவாக உள்ளவருக்குத்தான் பேச்சுப் பயிற்சி அதிகம் தேவை. தன் கையில் இருப்பது இது, இல்லாதது இது, இல்லாததை மேலே யாருக்கு எந்தத் தேதியில் எழுதுவேன் என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு சம்பவம். வருகைப் பதிவை வார்டுகளிலிருந்து எடுத்து, எல்லாரும் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டோம். தொழிலாளர்கள் மறுத்தார்கள். "வேலைக்கு வராமல் ஏய்க்கப் பார்க்கிறார்கள்" என்பதே எங்கள் எல்லாருடைய முடிவும். பத்து நாள் இழுபறி. புதிதாக வந்த துப்புரவு ஆய்வாளர் ஒருவர் மட்டும் தேநீர்க் கடையில் அவர்களோடு உட்கார்ந்து, "உங்களுக்கு இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அவர்கள் குடியிருப்பிலிருந்து வரும் முதல் பஸ்ஸே ஆறு நாற்பதுக்குத்தான் அலுவலகம் பக்கம் வரும். ஆறரைக்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் ஆட்டோவுக்குக் கொடுத்தே கூலி கரைந்துவிடும். கையெழுத்து நேரத்தை இருபது நிமிடம் தள்ளினோம். மறுநாள் முதல் எல்லாரும் வந்தார்கள். கேட்கிற பொருளுக்குப் பின்னால் இருக்கிற தேவையைக் கேட்டு அறிவதுதான் பேச்சுவார்த்தையின் உயிர். அந்த ஆய்வாளருக்கு அது இயல்பாக வந்தது. எங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

முதல் பாடத்தை ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள் என்பேன்: 'நீங்கள்'. தாயின் வயதுள்ள தூய்மைப் பணியாளரை 'ஏ பிள்ளே, வா, போ' என்று அழைத்துப் பழகிய நாக்கு, அதே பெண் சங்கத்தின் பிரதிநிதியாக எதிரில் வந்து உட்கார்ந்தாலும் அப்படியே அழைக்கிறது. அந்தக் கணத்திலேயே பேச்சு முறிந்துவிடுகிறது. இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்த ஒருமை வெறும் பழக்கமாகக் காதில் விழாது.

நாகர்கோவில் சந்திப்பில் வேலை பார்க்கிற ரயில்வே ஊழியருக்கு ஒரு குறை என்றால், திருவனந்தபுரம் கோட்டத்தில் அவருடைய சங்கம் நிர்வாகத்தோடு உட்கார ஒரு மேடை இருக்கிறது. ரயில்வேயில் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு 1952 முதல் நடக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966-ல் கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. 1960-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் கற்றுக்கொடுத்த பாடம் அது. ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தெருவைப் பெருக்குகிற பெண்ணுக்கு மேடையும் கிடையாது, தேதியும் கிடையாது. வண்டியை நிறுத்தினால்தான் யாராவது வெளியே வருகிறார்கள். வேலைநிறுத்தம்தான் அழைப்புமணி என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டவர்கள் நாம்தான்.

2003-ஆம் ஆண்டு நினைவிருக்கும். வேலைநிறுத்தம் செய்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமான தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும், அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற எஸ்மா சட்டத்தில் ஒரே வீச்சில் பணி நீக்கப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பைச் சொல்லி மிரட்டுகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பு பேசக் கூடாது என்று யாருக்கும் சொல்லவில்லை. வேலைநிறுத்தத்துக்கு உரிமை இல்லை என்றால், குறையைக் கேட்கும் கடமை நம் மீது இரு மடங்காக ஏறுகிறது என்றுதான் நான் படிக்கிறேன். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். அப்படி ஒரு காட்சி வடசேரியிலோ குழித்துறையிலோ குளச்சலிலோ நடக்க வேண்டாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று. 1968-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு தூய்மைப் பணியாளர்கள் குப்பை லாரியின் நசுக்கும் பொறியில் சிக்கி இறந்தார்கள். 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். 'நானும் மனிதன்' என்று எழுதிய அட்டையோடு தெருவில் நடந்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்கவே மாட்டேன் என்றார் மேயர். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே, வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, சங்கத்தை ஏற்றுக் கூலியை உயர்த்தும் உடன்பாடு வந்தது. அதே 1968-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: உள்ளாட்சி நிர்வாகம் தன் ஊழியர் சங்கத்தோடு நல்லெண்ணத்தோடு கூடிப் பேசியே ஆக வேண்டும். பேசுவது சட்டக் கடமையான இடத்தில் அதிகாரிகள் பேசக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நம் நாட்டிலும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை மட்டும் அதிகாரிகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்று அஞ்சுகிறேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் குறைதீர்க் குழு வேண்டும், அதில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உள்ளாட்சிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அப்படி ஒரு குழுவை நாளைக்கே அமைப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. நாகர்கோவிலில் ஏதாவது ஓர் அரசு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு நடத்திப் பழகிய அதிகாரிகள் வகுப்பெடுக்கட்டும். அவர்களுக்கு மேல் இந்த வித்தை தெரிந்தவர்கள் அரசில் இல்லை. முந்திரி ஆலைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் முத்தரப்புப் பேச்சுவார்த்தைகளில் தலைநரைத்த சங்கத்து ஆட்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களையும் ஆசிரியர்களாக அழையுங்கள், எதிராளி என்று ஒதுக்காதீர்கள். விரிவுரை குறைவாக இருக்கட்டும். செயல் அலுவலரைத் தொழிலாளியின் இடத்தில் நிற்க வைத்து, தொழிலாளி ஒருவரை அவர் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு மனுவைக் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் மினிட்ஸ் எழுதச் சொல்லுங்கள்: என்ன பொருள், எத்தனை எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு. 'சுமூகம்', 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்ற சொற்களை அந்தப் பயிற்சியில் தடை செய்யுங்கள்.

தலைவர்களும் கவுன்சிலர்களும் கட்டாயம் உட்கார வேண்டும். ஒலிபெருக்கி முன்னால் நின்று "எல்லாரையும் நிரந்தரமாக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். மறுநாள் அதற்கு முகம் கொடுக்கிறவர் எழுத்தர். நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுப்பது, 'முடியாது' என்று நேராகச் சொல்வதைவிடக் கொடியது. முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னால் தொழிலாளிக்குப் புரியும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஊர் அமைதியாக இருக்கும்போதே பேச வேண்டியவை பல. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை, குமரி முனையில் ஐயப்ப பக்தர்கள் குவியும் கார்த்திகையும் மார்கழியும் எப்போது வரும் என்று ஓராண்டுக்கு முன்பே நாள்காட்டியில் இருக்கிறது. அந்த நாட்களில் வார விடுப்பை ரத்து செய்வோம், இரண்டு வேளை வேலை வாங்குவோம் என்றும் தெரியும். அதற்கு ஈடான விடுப்பு எப்போது, கூடுதல் கூலி எவ்வளவு, இரவு வேலை முடிந்த பெண்கள் வீட்டுக்கு எப்படிப் போவார்கள் என்று புரட்டாசியிலேயே உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ள என்ன தடை?

ஆகவே இந்தப் புரட்டாசிக்கு முன்பாகவே பயிற்சிக்குத் தேதி குறியுங்கள். நான் ஊதியம் கேட்கவில்லை. கூப்பிட்டால் வருகிறேன், பழைய மினிட்ஸில் நான் எழுதிய அந்த ஒற்றை வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதில் என்னென்ன விட்டுப்போயிற்று என்று நானே சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் அலுவலகத்தின் மூலையில் கிடக்கும் நாற்காலிகளில் என்ன அடுக்கியிருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேரூராட்சித் தலைமை எழுத்தர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.