ஸ்கோர் புத்தகத்தில் ஃபீல்டருக்கும் ஒரு கட்டம் வேண்டும்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் மும்பையின் மாட்டுங்காவில் வசிக்கும் தமிழன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நண்பர்கள் அணிக்கு ஸ்கோர் எழுதி வருகிறேன். ஆசாத் மைதானத்திலோ கிராஸ் மைதானத்திலோ ஆட்டம் முடிந்து, ரயிலேறி மாட்டுங்கா வந்து, காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் எங்களுக்குள் தவறாமல் ஒரு விவாதம் கிளம்பும். கிரிக்கெட் வரலாற்றிலேயே தலைசிறந்த ஃபீல்டர் யார்? பேட்ஸ்மேனைப் பற்றிய வாக்குவாதம் என்றால் சராசரி, சதம் என்று எங்காவது போய் நின்றுவிடும். பந்துவீச்சாளருக்கும் அப்படியே. ஃபீல்டர் என்று வந்துவிட்டால் மட்டும் யார் குரல் ஓங்குகிறதோ அவர் கட்சியே வெல்கிறது. ஃபீல்டர் செய்த வேலையில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் கூட்டத்தில் இளைஞர்கள் ஜடேஜாவின் பெயரைச் சொல்வார்கள். நடுத்தர வயதினர் தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1992 உலகக் கோப்பையில் பிரிஸ்பேனில் பந்தோடு ஓடி வந்து, ஸ்டம்புகளின் மேல் உடம்போடு பாய்ந்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்கிய அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் ஹீரோ கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் ஐந்து கேட்ச் பிடித்து ஆட்ட நாயகன் விருது பெற்றது நம் பிராபோர்ன் மைதானத்தில்தான். ஆனால் அதே ரோட்ஸின் டெஸ்ட் கணக்கை எடுத்துப் பாருங்கள்: 52 ஆட்டங்களில் 34 கேட்ச். பேட்ஸ்மேனின் ஆஃப் பக்கத்தில் நேர் எதிரே உள்ள பாயின்ட் திசையில் அவர் நிற்கிறார் என்பதற்காகவே எத்தனை பேட்ஸ்மேன்கள் ஒரு ரன்னுக்கு ஓடாமல் நின்றார்கள் என்பதை அந்த 34 சொல்லுமா?

என் மனத்தில் முதலிடத்தில் இருப்பவர் எழுபதுகளில் இந்தியாவுக்கு ஆடிய ஏக்நாத் சோல்கர். உங்கள் அலுவலகம் இருக்கும் வான்கடே மைதானத்திலிருந்து தெற்கே சற்று நடந்தால் பிராபோர்ன் வரும். வடக்கே மெரின் டிரைவ் ஓரமாக நடந்தால் ஹிந்து ஜிம்கானா வரும். அந்த ஜிம்கானாவின் மைதானப் பராமரிப்பாளருடைய மகன் அவர். 27 டெஸ்டுகளில் 53 கேட்ச், அதாவது ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட் இல்லாமல், பேட்ஸ்மேனின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்று பிடித்தவை. அந்த இடம் எத்தனை ஆபத்தானது என்பதை 1998 பிப்ரவரியில் டாக்காவில் நாம் கண்ணீரோடு அறிந்தோம். அங்கே ஹெல்மெட் அணியாமல் நின்ற முன்னாள் இந்திய வீரர் ராமன் லாம்பா தலையில் பந்து பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார்.

1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து இரண்டாம் இன்னிங்ஸில் 101 ரன்னுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார் என்பதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் முதல் இன்னிங்ஸில் 90 ரன் அடித்த ஆலன் நாட் இந்த முறை ஒரே ரன்னில் வெளியேறியதற்குக் காரணம், நம் வெங்கட்ராகவனின் பந்தில் சோல்கர் முன்னால் விழுந்து, புல்லுக்குச் சற்று மேலே ஏந்திய கேட்ச். நாட் நின்றிருந்தால் 173 என்ற இலக்கு எவ்வளவாக உயர்ந்திருக்குமோ! இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் தொடரை வென்றதில் அந்தக் கைகளுக்கு உள்ள பங்கை ஸ்கோர் அட்டை ஒரே பெயரோடு முடித்துக்கொள்கிறது.

இப்படி நான் வாதாடும்போதெல்லாம் என் நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற சுழற்பந்து வீச்சாளர் நால்வர் வீசும்போது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்ச் வந்து குவியாதா? வந்தவை எத்தனை, அவற்றில் நழுவியவை எத்தனை? நேர்மையான கேள்வி. 53 என்பது பிடித்த கணக்கு. வந்த கணக்கு எழுதப்படவே இல்லை. பேட்ஸ்மேன் எத்தனை பந்தைச் சந்தித்து எத்தனை ரன் எடுத்தார் என்று எழுதுகிறோம். ஃபீல்டருக்கு மட்டும் கிடைத்ததை எழுதிவிட்டு, எதிர்கொண்டதை விட்டுவிடுகிறோம். 164 டெஸ்டுகளில் 210 கேட்ச் பிடித்த திராவிடையும் 27 டெஸ்டுகளில் 53 பிடித்த சோல்கரையும் எதை வைத்து ஒப்பிடுவது? ஒருவர் பெரும்பாலும் கீப்பருக்குப் பக்கத்திலுள்ள ஸ்லிப்பில் நின்றவர், மற்றவர் ஷார்ட் லெக்கில் நின்றவர் என்பதைக்கூட எண் சொல்வதில்லை.

ரன் அவுட்டின் கதை இதைவிடக் கொடுமையானது. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் எடுத்தது 5 ரன். பந்து வீசவில்லை. பழைய ஸ்கோர் அட்டையை மட்டும் படிப்பவர் அன்று அவர் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் நினைப்பார். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஆலன் டர்னர், இயன் சாப்பல், கிரெக் சாப்பல் ஆகிய மூவரும் ரன் அவுட் ஆனது அவருடைய எறிதலால்தான். ஆஸ்திரேலியா தோற்றது 17 ரன்னில். மூன்று பேருக்கும் நேரே ‘ரன் அவுட்’ என்ற இரண்டே சொற்கள். 1965இல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் பேரிங்டனையும் பார்க்ஸையும் எறிந்து ரன் அவுட் ஆக்கிய தென்னாப்பிரிக்காவின் காலின் பிளாண்டின் கதியும் இதுதான். மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கேட்ச் பிடிப்பவருக்கோ அது அவருடைய சொந்தக் கணக்கில்கூடச் சேர்வதில்லை.

இன்று சர்வதேச ஆட்டங்களின் அட்டைகளில் ரன் அவுட் ஆக்கியவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது. 2023 உலகக் கோப்பையின்போது ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நம் வீரர்களின் அறையில் சிறந்த ஃபீல்டருக்குப் பதக்கம் அணிவித்ததைப் பார்த்து மனம் நிறைந்தேன். ஆனால் கேமரா போகாத மைதானங்களில் நடப்பதற்கு என்ன சாட்சி இருக்கிறது? நான் பயப்படுவது அங்கேதான்.

என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்து ஞாயிறு. காலையில் கொட்டித் தீர்த்த மழை நின்று, புல் கணுக்கால் உயரத்தில் ஈரமாக நின்றது. தாராவியிலிருந்து வரும் பதினேழு வயதுப் பையன் ஷார்ட் லெக்கில் குனிந்திருந்தான். கால்சட்டையின் முழங்கால் இரண்டும் செம்மண்ணாகியிருந்தன. எங்கள் ஆஃப் ஸ்பின்னர் வீசிய ஓவரில் பேட்ஸ்மேன் மூன்று முறை காலை நீட்டி லெக் பக்கம் தள்ளினார். மூன்று முறையும் பந்து தரையில் பட்டு அவன் உள்ளங்கையில் போய் அடங்கியது; ரன் எடுக்க வழியில்லை. நான்காவது பந்தில் பொறுமையிழந்து மேலேறி ஆட வந்தவர் ஸ்டம்பிங் ஆனார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? பேட்ஸ்மேன் பெயருக்கு நேரே, ரன் இல்லை என்று காட்டும் மூன்று புள்ளி. பந்துவீச்சாளருக்கு நேரே மூன்று புள்ளி, ஒரு விக்கெட். கீப்பர் பெயரையும் எழுதினேன். அந்த விக்கெட்டைச் சம்பாதித்துக் கொடுத்தவனின் பெயரை எழுத என் புத்தகத்தில் கட்டமே இல்லை.

பருவம் முடிந்ததும் வீரர் தேர்வு ஒன்றுக்கு அவன் பெயரைப் பரிந்துரைத்தேன். தேர்வாளர் ஒருவர் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “எத்தனை ரன், எத்தனை விக்கெட்?” என்று கேட்டார். “ஃபீல்டிங்கைப் பாருங்கள் ஐயா” என்றேன். “எங்கே எழுதியிருக்கிறது?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லாததுதான் தவறு. அந்தப் பையன் இப்போது விளையாடுவதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பச்சைப் பென்சிலால் நானாகக் குறிக்கத் தொடங்கினேன். கைக்கு எட்டிய கேட்ச் நழுவினால் சிறு கொக்கி. பிடித்தால் கொக்கியைச் சுற்றி வட்டம். ரன்னைத் தடுத்தால் குறுக்குக்கோடு. பக்கத்தில் நின்ற இடத்தின் முதலெழுத்து. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் இதை எழுதி முடித்துவிட முடிகிறது. எது கேட்ச், எது கேட்ச் ஆக முடியாதது என்பதில் இரு ஸ்கோரர்களும் வேறுபடுவது உண்டுதான். அப்போது நடுவரிடம் கேட்டுக்கொள்கிறோம். பந்து காலில் பட்டால் கொடுக்கும் எல்.பி.டபிள்யூ. அவுட்டும் மனிதர் ஒருவர் பார்த்துச் சொன்ன தீர்ப்பாகவே நூறாண்டுக்கு மேல் இருந்தது. அதற்காக அதை எழுதாமல் விட்டோமா?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். ரஞ்சிக் கோப்பையிலும், அதைவிட முக்கியமாகப் பதினாறு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களிலும், அதிகாரப்பூர்வ ஸ்கோர் புத்தகத்தில் ஃபீல்டருக்கென்று ஒரு பக்கம் சேர்க்க ஆணையிடுங்கள். வந்த கேட்ச், பிடித்தது, நழுவியது, நின்ற இடம், ரன் அவுட்டில் எறிந்தவரும் ஸ்டம்பைத் தட்டியவரும், மாற்று ஆட்டக்காரர் பிடித்த கேட்ச் ஆகியவை அதில் இருக்கட்டும். ரஞ்சியில் அதிக ரன்னுக்கும் அதிக விக்கெட்டுக்கும் மாதவராவ் சிந்தியா பெயரில் விருது தருகிறீர்கள். அந்தப் பக்கம் நிரம்பத் தொடங்கியதும் ஃபீல்டருக்கும் ஒரு விருது ஏற்படுத்தி, அதற்கு ஏக்நாத் சோல்கரின் பெயரைச் சூட்டுங்கள்.

பச்சைப் பென்சில் குறிப்புகளோடு என்னிடம் ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. மழையில் நனைந்து சில பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தாலும் படிக்க முடியும். நீங்கள் எந்த நாளில் அழைத்தாலும் அவற்றை எடுத்துக்கொண்டு சர்ச்கேட்டில் வந்து இறங்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து ஒரு ஸ்கோரர்